பஜ்ஜிச் சட்டி எண்ணெயில் இண்டிகா ஓடுமா?

கேள்வி: "என்னிடம் 2005 மாடல் டாடா இண்டிகா டீசல் இருக்கிறது. மாமா பழைய வண்ணாரப்பேட்டையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் தெரிந்த ஹோட்டல்களும் இரண்டு உண்டு. பொரித்து மிச்சமாகும் எண்ணெயை வாங்கி, வடிகட்டி, வண்டியில் ஊற்றலாம் என்று யோசனை. டின்னிலிருந்து பேரலுக்கும் பேரலிலிருந்து வண்டிக்கும் ஏற்ற, வீட்டில் சும்மா கிடக்கும் டுல்லு பம்ப் (தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார் பம்ப்) போதுமா? இல்லை வேறு பம்ப் வாங்க வேண்டுமா?"

தம்பி, பம்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் ஒரு வரி: டுல்லு பம்ப் வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போனால் தண்ணீர், மாவு, மார்கழிக் குளிர் என்று எல்லாவற்றையும் இழுக்க வேண்டியிருக்கிறது. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நான் எண்ணூர்ப் பக்கம் லாரி எஞ்சின் சோதிக்கும் பிரிவில் 26 வருடம் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நான்கு பேரல்களை வைத்துக்கொண்டு, உங்களுடையதைப் போன்ற ஓர் இண்டிகாவை இரண்டு வருடத்துக்கு மேல் சட்டி எண்ணெயில் ஓட்டினேன். "மணலியில் அவ்வளவு பெரிய ரிஃபைனரி இருக்கிறது, நீங்கள் மாடியில் உட்கார்ந்து பஜ்ஜி எண்ணெய் வடிகட்டுகிறீர்களே" என்று வீட்டில் கேட்காத நாள் கிடையாது. இப்போது ஓட்டுவதில்லை. நிறுத்தியதற்குக் காரணம் எஞ்சின் கெட்டுப்போனது கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி ஓடுமா என்பதை முதலில் முடித்துவிடலாம். ஓடும். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். பார்த்தவர்களில் வெகு சிலருக்குத்தான் அது டீசலில் ஓடவில்லை என்று தெரிந்தது என ருடால்ஃப் டீசலே பின்னால் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் தென்னாற்காட்டு வேர்க்கடலை புதுச்சேரியில் கப்பலேறி மார்செய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எஞ்சினுக்குள் நம் ஊர்க் கடலையும் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சிக்கல் ஓடுவதில் இல்லை, ஓடிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். அதே சூட்டில் சமையல் எண்ணெய்க்கு 35 முதல் 40. ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. இவ்வளவு கெட்டியான எண்ணெயை, எஞ்சினுக்குள் எரிபொருளைத் தூவும் நாஸில் புகைபோலத் தூவாது, துளித் துளியாகத் துப்பும். பெரிய துளி முழுதாக எரியாது. மிச்சம் நாஸில் முனையிலும் பிஸ்டன் ரிங் இடுக்கிலும் கரியாகப் படியும். இன்னும் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும்.

அங்கே என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் வீட்டு அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொட்டுப் பாருங்கள். அந்த மஞ்சள் பிசின் ஒரு காலத்தில் நல்ல எண்ணெயாக இருந்ததுதான். சூடும் காற்றும் சேர்ந்தால் எண்ணெய் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிசினாகிவிடும். எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் பின்னாது. இதைக் கணக்கிட அயோடின் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயின்டில் கலக்கும் ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல், அதனால்தான் அது சுவரில் காய்ந்து இறுகுகிறது. சூரியகாந்திக்கு 110 முதல் 140. கடலை எண்ணெய்க்கு 90 வாக்கில். பாமாயிலுக்கு 50 சொச்சம். எண் குறையக் குறைய எஞ்சினுக்கு நல்லது. அந்தக் கணக்கில் பாமாயில்தான் சிறந்தது. ஆனால் அதற்கு வேறொரு வியாதி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

உங்கள் வண்டி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 1.4 லிட்டர் பழைய இண்டிகா எஞ்சின் இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகை. எண்ணெய் முதலில் சிலிண்டருக்கு மேலே உள்ள சிறிய அறையில் தூவப்பட்டு, அங்கே பற்றி, பிறகு கீழே பாய்கிறது. அந்த அறை எப்போதும் நல்ல சூட்டில் இருப்பதால் கெட்டி எண்ணெயையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பழைய டீசல் அம்பாசடருக்கும் இதே குணம் உண்டு. அதற்குப் பிறகு வந்த, எல்லா நாஸிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரெயில் வண்டி எதிலும், ஸ்விஃப்ட் டீசலோ வேறு எதுவோ, இந்த விளையாட்டே வேண்டாம். அங்கே பம்ப் 1,600 பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது. நாஸில் ஓட்டை ஏறக்குறைய முடியளவு சன்னம். ஒரு முறை அடைத்தால் ஆகும் செலவுக்கு வருடக்கணக்கில் டீசலே போடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் சைலன்சரில் கரி வடிகட்டி வேறு இருக்கிறது. யோசிக்கவே வேண்டாம்.

சரி, எண்ணெய் எங்கே கிடைக்கும்? மாமா கடையை நம்பி இறங்காதீர்கள். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் மிச்சமாவதே கிடையாது. குறையக் குறைய மேலே புதிது ஊற்றுவார்கள். இரவு மூடி வைத்து மறுநாள் அதிலேயே தொடங்குவார்கள். கடைசியில் வெளியே வருவது அடிமண்டிதான்: கறுத்து, காறல் வாடையோடு, கரிந்த கடலைமாவு கலந்து. ஆறு மாதம் இப்படி ஒரு கடையில் வாங்கிப் பார்த்தேன். 15 கிலோ டின்னில் ஏழு கிலோகூட எண்ணெயாகத் தேறவில்லை. பஜ்ஜிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிழைப்பு அப்படி. ஆனால் அதை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

பெரிய ஹோட்டல் கதை வேறு. 2018 ஜூலை 1 முதல், பொரிக்கும் எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிக்கும் இடங்கள், 2019 மார்ச் 1 முதல் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற ஆட்களிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். இந்த விதி வந்த காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பெரிய கடையில் கழித்த எண்ணெய் பாதி விலைக்குத் தெருவோரச் சட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் உங்கள் ஹோட்டல்காரர் 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறவர் என்றால் அவரிடம் கேட்காதீர்கள். தெரிந்தவர் என்ற முறையில் கொடுத்துவிட்டு அவர் மாட்டிக்கொள்வார்.

எனக்கு நல்ல எண்ணெய் கிடைத்தது கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களிடம். ஒரு நாள் வடை, அப்பளம், ஜாங்கிரி போட்டதோடு சரி, அடுத்த மண்டபத்துக்கு அந்த எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பொன்னிறமாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனி மாதமே சேர்த்துவைத்துவிட வேண்டும். ரம்ஜான் மாதத்தில் மண்ணடிப் பக்கம் சமோசா போடுகிறவர்களிடம் கிடைப்பதும் மோசமில்லை. சமோசாவில் மாவு அதிகம் உதிராது.

காசிமேட்டில் மீன் வறுக்கும் கடைகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். சாப்பிடப் போங்கள், எண்ணெய்க்குப் போகாதீர்கள். மசாலாவில் உப்பு, மீனில் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் துரு. போதாததற்கு மீனின் சொந்தக் கொழுப்பு எல்லாவற்றையும்விட வேகமாகப் பிசினாகும் ஜாதி. பீச் லைனில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகளிலும் விசாரித்தேன். வெங்காயம் பொரித்த எண்ணெயை அவர்கள் அத்தோவிலேயே ஊற்றிப் பிசைந்துவிடுகிறார்கள். அங்கே ருசியே அந்த எண்ணெய்தான், ஒரு சொட்டு வெளியே வராது.

வாங்கும்போது மூலை வெட்டிய டின்னில் வாங்காதீர்கள். மூடி இருக்காது, ஆட்டோவில் வரும்போது பாதி சீட்டில். நான் வாய் அகலமான 20 லிட்டர் வெள்ளை கேன்களை வாங்கிச் சமையல்காரர்களிடம் முன்னாடியே கொடுத்துவைப்பேன். கூடவே ஒரு எவர்சில்வர் வடிகட்டி. இரண்டே நிபந்தனை. எண்ணெய் ஆறின பிறகு ஊற்ற வேண்டும், சூடாக ஊற்றினால் கேன் இளகிவிடும். பாத்திரம் கழுவின தண்ணீர் ஒரு சொட்டு விழக் கூடாது. முதல் நிபந்தனையைக் காப்பாற்றுவார்கள். இரண்டாவதைக் காப்பாற்ற மாட்டார்கள்.

அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பம். சட்டி எண்ணெயில் தண்ணீர் இருந்தே தீரும். வாழைக்காயிலிருந்து வரும், வெங்காயத்திலிருந்து வரும், ஈரக் கரண்டியிலிருந்து வரும். டீசலில் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், ஃபில்டர் கிண்ணத்தில் தெரியும். சட்டி எண்ணெயில் அப்படி நிற்காது. மாவும், எண்ணெய் முறிந்து வந்த அமிலமும் அதை நுண்துளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பார்க்க வெறும் கலங்கலாகத் தெரியும். சோதிக்க ஒரு வழி: இரும்புக் கரண்டியைச் சுட வைத்து, எண்ணெயை அரை ஸ்பூன் விடுங்கள். தாளிக்கிற மாதிரி சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் லேசாகப் புகைந்தால் தேறிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கும்.

தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டை உரைத்தார்கள் நம் பாட்டிமார்கள். எண்ணெயைத் தெளிய வைக்க அப்படி ஒரு கொட்டை கிடையாது. நாளும் சூடும்தான். மொட்டை மாடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த பேரலில் ஊற்றி, சித்திரை வெயிலில் விட்டுவிடுங்கள். மதியம் கை வைக்க முடியாது. சூட்டில் எண்ணெய் இளகும்போது தண்ணீரும் மாவும் கீழே இறங்கும். எனக்குக் கத்திரியில் பத்து நாளில் தெளிந்தது, ஐப்பசியில் ஐந்து வாரம் ஆனாலும் தெளியாது. அவசரப்பட்டு வெந்நீர் போடும் ஹீட்டர் ராடை உள்ளே விட்டுவிடாதீர்கள். எண்ணெய் தண்ணீரைப் போலச் சூட்டைச் சட்டென்று பரப்பாது. ராடைச் சுற்றி மட்டும் கரியும். அடியில் தண்ணீர் கிடந்தால் திடீரென்று கொதித்து மேலே எழும்பி வரும். பார்த்தவனாகச் சொல்கிறேன். இன்னொன்று, எண்ணெய் துடைத்த பழந்துணியைக் குவியலாக வெயிலில் போடாதீர்கள். தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டு, பிறகு தூக்கிப் போடுங்கள்.

இப்போது பம்ப். தெளிவது என்பது தண்ணீர்த் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிக் கீழே இறங்குவது. டுல்லு பம்ப் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது. எண்ணெயும் தண்ணீரும் அதற்குள் போனால் மத்தில் அகப்பட்ட மோர்தான். பத்து நாள் தெளிய வைத்ததைப் பத்து விநாடியில் மறுபடி கலக்கிவிடும். அப்படிக் கலக்கியது இரண்டாம் முறை சுலபத்தில் தெளியாது. தவிர, அதன் உள்ளே இடைவெளி ரொம்பக் குறைவு. கரிந்த மாவுத் துணுக்கு ஒன்று மாட்டினால் ஜாம். நான் முதல் மாதமே ஒன்றைப் புகைய விட்டேன்.

நீங்கள் மாதம் 60, 70 லிட்டர்தான் கையாளப் போகிறீர்கள் என்றால், கையால் சுற்றும் பேரல் பம்ப் போதும். சுற்றுக்குக் கால் லிட்டர் வாக்கில் வரும். மெதுவாக எடுக்கும், கலக்காது, கரண்ட் வேண்டாம். உறிஞ்சு குழாயின் அடியைப் பேரலின் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாண் எண்ணெய் உங்களுடையது இல்லை என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். எல்லாரும் தவறுவது இங்கேதான். "இன்னும் ரெண்டு லிட்டர் வருமே" என்று குழாயை இறக்குவார்கள். அந்த இரண்டு லிட்டரோடு மண்டி முழுதும் ஏறி வரும்.

அதற்கு மேல் அளவு என்றால் கியர் பம்ப், ஒரு அங்குல வாய், 1,440 சுற்று மோட்டார். எண்ணெய்க்கென்றே உள்ள பம்ப் அது. கெட்டியாக இருந்தாலும் தள்ளும். ஆனால் தள்ளுவதில் கெட்டிக்காரன், இழுப்பதில் சுமார். எந்தப் பம்பும் உண்மையில் இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் எண்ணெயை அதனிடம் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளுக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் பம்பைத் தரையில், பேரலை ஒட்டி வைத்து, உறிஞ்சும் பக்கக் குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் போட வேண்டும். இங்கே ஒரு கணக்கு முக்கியம். கெட்டி எண்ணெய் ஓடும்போது குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் தடை பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. அரை அங்குலக் குழாயில் மூச்சுமுட்டிச் சத்தம் போடும் பம்ப், ஒரு அங்குலக் குழாயில் சத்தமில்லாமல் ஓடுவது இதனால்தான். பம்பைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கும் முன் குழாயை மாற்றிப் பாருங்கள்.

கியர் பம்பில் மறக்கக் கூடாதது இரண்டு. வெளியேறும் பக்கத்தில் வால்வை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது. அது நிற்காமல் தள்ளும், குழாய் பிய்த்துக்கொள்ளும். அதனால் அழுத்தம் ஏறினால் தானே திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது, உறிஞ்சும் பக்கம் ஒரு எவர்சில்வர் வலைச் சல்லடை. சன்னமான ஃபில்டரை அந்தப் பக்கம் போடாதீர்கள், பட்டினியில் பம்ப் கத்தும். சன்னமானதெல்லாம் தள்ளும் பக்கம். குழாய், பிட்டிங் எல்லாம் இரும்பு, எவர்சில்வர், கெட்டி பிளாஸ்டிக் இதில் ஏதாவது. செம்பும் பித்தளையும் எண்ணெயைச் சீக்கிரம் பிசினாக்கும். ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சு அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகக் கரைந்து வரும்.

நான் கடைசியில் வந்துசேர்ந்த ஏற்பாடு இது. கீழே வாசலில் ஒரு பேரல், பக்கத்தில் கியர் பம்ப். கேன்களைக் கீழேயே கவிழ்த்து, மண்டி அடியில் நின்றதும் மேலாக எடுத்து, மாடிக்கு ஒரே தள்ளு. மாடியில் பேரல் பேரலாகத் தெளியும். பிறகு மாடியிலிருந்து தன் எடையிலேயே 5 மைக்ரான், 1 மைக்ரான் பை ஃபில்டர்கள் வழியாகக் கீழே இறங்கும். இறங்கும் வழியில் பம்பே கிடையாது. பன்னிரண்டு அடி உயரம் தரும் அழுத்தம் பைக்குப் போதும். வண்டிக்கு ஊற்ற ஒரு குழாயும் வால்வும்தான். நிரம்பிய பேரல் ஒன்று 200 கிலோ எடை என்பதை மறக்காதீர்கள். மாடி நடுவில் வைக்காமல் பீம் மேல் வையுங்கள். பழைய வீடு என்றால் இன்ஜினியரிடம் கேட்காமல் வைக்க வேண்டாம்.

நடுவில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்துப் பேரலிலிருந்து காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தால் எண்ணெயை இழுப்பது. கொள்கைப்படி அருமையான முறை, எண்ணெய் எந்தப் பம்புக்குள்ளும் போகாது. ஒரு ஞாயிறு மதியம் வால்வு மூடியிருந்ததைக் கவனிக்காமல் சாப்பிடப் போய்விட்டேன். மெல்லிய தகரப் பேரல் வெளிக் காற்றின் அழுத்தத்தைத் தாங்காமல் "டமால்" என்று உள்வாங்கி அப்பளம் மாதிரி நசுங்கியது. தெருவே வெளியே வந்து பார்த்தது. இந்த முறை வேண்டுமென்றால் கெட்டியான அழுத்தத் தொட்டி வேண்டும், சாதாரணப் பேரல் கூடாது.

எண்ணெய் தயாரானால் வண்டிப் பக்கம் வேலை குறைவுதான். டிக்கியில் இரண்டாவதாக ஒரு சின்ன டேங்க். ரேடியேட்டர் வெந்நீர் அதன் வழியாகவும், எண்ணெய் வரும் குழாயை ஒட்டியும் சுற்றி வரும்படி ஹோஸ். கிளப்புவது டீசலில். எஞ்சின் சூடேறி, எண்ணெயும் 70, 80 டிகிரிக்கு வந்த பிறகு வால்வைத் திருப்ப வேண்டும். அந்தச் சூட்டில் பாகுத்தன்மை 10, 12-க்கு இறங்கிவிடும். வீடு வரப் போகும் ஐந்து நிமிடத்துக்கு முன் மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயையும் நாஸிலையும் கழுவிவிட வேண்டும். மறந்து நிறுத்தினால் மறுநாள் காலை தெரியும். தண்டையார்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை போய்வர இது உதவாது, சூடேறும் முன்பே வீடு வந்துவிடும். எனக்கு வேலூர், திருப்பதி என்று ஓட்டம் இருந்ததால் கட்டுப்படியானது. லிட்டருக்கு நாலைந்து சதவீதம் சக்தி குறைவு, ஓட்டும்போது அவ்வளவாகத் தெரியாது. எஞ்சின் ஆயிலை வழக்கமாக மாற்றும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. நாஸிலுக்கு எரிபொருளைத் தள்ளும் ரோட்டரி பம்புக்கு மசகே உள்ளே போகும் எரிபொருள்தான். தண்ணீர் போனால் முதலில் போவது அதுதான், பம்ப் லேபில் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். "டேங்கில் டீசலோடு கால் பங்கு கலந்து ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நிறையப் பேர் சொல்வார்கள். முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது. கரி படிவதும் ரிங் பிடிப்பதும் அதற்குப் பிறகு.

பாமாயிலின் வியாதியைச் சொல்கிறேன் என்றேனே. அது 20 டிகிரிப் பக்கம் வந்தாலே உறையத் தொடங்கும். சென்னையில் அந்தக் குளிர் எங்கே என்பீர்கள். தை மாத விடியற்காலையில் மாதவரம் தாண்டிப் பாருங்கள். நான் மார்கழிக் கடைசியில் ஒரு நாள் முந்தின இரவு டீசலுக்குத் திருப்ப மறந்து நிறுத்தினேன். காலை ஐந்து மணிக்குப் பழக்க தோஷத்தில் கிளப்பிப் புறப்பட்டேன். எர்ணாவூர் மேம்பாலத்தில் வண்டி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே நெய் மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. டீக்கடையில் ஒரு பக்கெட் வெந்நீர் வாங்கி ஊற்றித்தான் வீடு வந்தேன். மேலே லாரிகள் ஹாரன் அடித்ததை இன்னும் மறக்கவில்லை. ஐப்பசி முதல் மாசி வரை பாமாயிலைத் தனிப் பேரலில் ஒதுக்கிவிட்டுக் கடலை எண்ணெய் வகையறாவை மட்டும் ஓட்டுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, பயோடீசலாகவே மாற்றிவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். எண்ணெயோடு ஐந்தில் ஒரு பங்கு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 55 டிகிரியில் கலக்கினால் கிளிசரின் பிரிந்து கீழே போய், மேலே நீர்த்த பயோடீசல் நிற்கும் என்பது உண்மை. எவ்வளவு சோடா என்று பார்க்கும் சோதனைக்கு மஞ்சள்தூளையே பயன்படுத்தலாம். காரம் பட்டதும் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கும். ரசாயனமாக அழகான வேலை. ஆனால் தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், 1959-லிருந்தே விதி இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் மாடியில் ஒரு கேன் மெத்தனால் இருந்தால், கார் ஓட்டத்தான் வைத்திருந்தேன் என்பதை யார் நம்புவார்கள்? ஆவி மூக்கில் போனாலும் கண்ணுக்குக் கேடு, நெருப்புப் பட்டால் பகலில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. வீட்டில் வேண்டவே வேண்டாம். வண்டியில் இரண்டாவது டேங்க் போடுவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றியதுதான். அதைக் கவனிக்காமல் விட்டால் இன்ஷூரன்ஸ்காரர் ஒரு நாள் நினைவுபடுத்துவார்.

நான் ஏன் நிறுத்தினேன்? ஒரு டிசம்பர் மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. கீழே இருந்த பேரல் நிரம்பியிருந்தும் மிதந்து, சாய்ந்து, மூடி வழியாகக் கசிந்தது. தண்ணீர் வடிந்தபோது நாலு வீட்டுச் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. எண்ணூர்க் கடலில் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது பக்கெட்டில் அள்ளிய ஜனங்கள் இருக்கிற ஊர் இது. எண்ணெய்க் கறையைச் சுரண்டுவது என்ன வேலை என்று அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு நாள் சோடாவும் தேங்காய் நாரும் வைத்து நானும் என் மகனும் தேய்த்தோம். அதே சமயம் காண்ட்ராக்டர்களிடம் அங்கீகாரம் பெற்ற ஆட்கள் கிலோவுக்கு நல்ல விலை கொடுத்து எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களிடம் போவதே சரி என்று எனக்கும் தோன்றியது. பழைய எண்ணெயை எரிபொருளாக்க அவர்கள் செய்வதைத்தான் நான் மாடியில் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தேன்.

உங்களுக்கு இன்னும் ஆசை விடவில்லை என்றால், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இதைச் செய்யுங்கள். மாமா கடையிலிருந்தும், 50 லிட்டருக்கு மேல் செலவழிக்காத ஹோட்டல்கள் என்றால் அந்த இரண்டிலிருந்தும், தனித்தனியாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் எண்ணெய் வாங்கி, பேர் எழுதி, வெயில் படும் ஜன்னலில் அசைக்காமல் மூன்று வாரம் வையுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: மேலே தெளிவு எத்தனை விரல், நடுவில் கலங்கல் எத்தனை, அடியில் மண்டி எத்தனை. தெளிவு முக்கால் பாட்டிலுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். எல்லாப் பாட்டிலின் அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கை பம்பா, கியர் பம்பா என்று சொல்கிறேன்.